‘இல்லை’ன்னு சொல்லத் தெரியாத இன்டெக்ஸ்

இன்னைக்கு எபிசோட் டீபக்கர் பத்தி. அதை எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்லப் போறதில்லை, அதுக்கு வீடியோ நிறைய இருக்கு. நீங்க ஒரு ஃபங்ஷன் பேரை டைப் பண்ணினதும், அது மெமரியில் எந்த அட்ரஸ்ல உட்கார்ந்திருக்குன்னு டீபக்கர் எப்படிக் கண்டுபிடிக்குது? அந்தத் தகவலை எங்க வெச்சிருக்கு? இந்த ஏற்பாடு எப்படி வந்துச்சு? இதுதான் இன்னைக்குக் கதை. கேட்க டிரையா இருக்கும்னு தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வர்ற வரைக்கும்.

சி++ல எழுதின ஒரு சர்வர், கஸ்டமர் இடத்துல கிராஷ் ஆகி, ஒரு கோர் ஃபைலை விட்டுட்டுப் போயிருந்தது. புரோகிராம் சாகும்போது அதோட மெமரி எப்படி இருந்துச்சோ, அதை அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சதுதான் கோர் ஃபைல். நான் அதை ஜிடிபியில் திறந்தேன். தமிழ்ல எழுதினா நாட்டோட பொருளாதாரம் மாதிரி தெரியும், இது க்னூ டீபக்கர். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்க வந்து விழுந்துச்சுன்னு கேட்டேன். பதினாலு வரி வந்துச்சு. பதினாலு வரியிலும் ஒரு ஹெக்ஸ் நம்பர், பக்கத்துல இரண்டு கேள்விக்குறி. அவ்வளவுதான். ஒரு பேர்கூட இல்லை.

ரிலீஸ் பண்ணும்போது ‘ஸ்ட்ரிப்’ பண்ணி, அதாவது பேர்களையெல்லாம் உருவி எடுத்துட்டு அனுப்பறது எங்க வழக்கம். உருவின தகவலைத் தனி ஃபைலா வெச்சிருக்கணும். வெச்சிருந்தோம். ஆனா அடுத்த பில்ட் அதே பேர்ல அது மேலயே எழுதிடுச்சு. சரி, அதே கோடை எடுத்துத் திரும்ப பில்ட் பண்ணி, அந்த ஃபைலை ஜிடிபிக்குக் கொடுத்தேன். கேள்விக்குறி எல்லாம் போய், அழகா பேர்கள் வந்துச்சு. கடைசியா நின்ன ஃபங்ஷன் எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையன் எழுதினது. அந்த நாற்பது வரியை ஒன்றரை நாள் நாங்க பிரிச்சு மேஞ்சோம். அவனும் தூங்கலை. அதுல தப்பே இல்லை. ஏன் அப்படி ஆச்சுங்கறதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஒரு விஷயம். சிபியுவுக்குப் பேர் தேவையே இல்லை. ‘பில் கணக்குப் போடு’ன்னு நீங்க ஆசையா பேர் வெச்ச ஃபங்ஷன், கம்பைலரும் லிங்கரும் வேலையை முடிச்சதும் வெறும் ஒரு அட்ரஸ். பேர் மனுஷனுக்காக. அதனால புரோகிராம் ஓடறதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அட்டவணையா அது ஃபைலோட ஒட்டிக்கிட்டு வரும். சிம்பல் டேபிள்னு சொல்றது இதைத்தான். டீபக்கர் அதுகிட்ட இரண்டு திசையில கேள்வி கேட்கும். பிரேக்பாயிண்ட் வைக்கும்போது பேரைக் கொடுத்து அட்ரஸ் கேட்கும். கிராஷ் ஆனா அட்ரஸைக் கொடுத்துப் பேர் கேட்கும். இரண்டும் வேற வேற தேடல்.

இதை ஆரம்பிச்சவங்களைத் தேடிப் போனா எம்ஐடிக்குப் போகணும். வருஷம் 1960. டிஎக்ஸ்-0ன்னு ஒரு கம்ப்யூட்டர், டிரான்சிஸ்டர் போட்டுச் செஞ்ச முதல் தலைமுறை மெஷின்கள்ல ஒண்ணு. அதுல தாமஸ் ஸ்டாக்ஹாம், ஜாக் டென்னிஸ்னு இரண்டு பேர் ஃபிளிட்னு ஒரு புரோகிராம் எழுதினாங்க. ‘ஃபிளெக்ஸோரைட்டர் இன்டராகேஷன் டேப்’ என்பதன் சுருக்கம். ஃபிளெக்ஸோரைட்டர்ங்கறது அந்த மெஷினோட டைப்ரைட்டர். பேரைச் சுருக்கினதுல குறும்பு இருக்கு. ஃபிளிட் அப்போ பிரபலமான பூச்சி மருந்து. நம்ம ஊர்லயும் கைப்பம்பு வெச்சுக் கொசு மருந்து அடிக்கறதை ‘ஃபிளிட் அடிக்கறது’ன்னு சொல்லுவாங்க, வீட்ல தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. பக் அடிக்கற மருந்து, அதான் பேர். அடுத்த வருஷம் ஆலன் கோட்டாக் பிடிபி-1 மெஷினுக்கு எழுதின டீபக்கருக்கு டிடிடின்னு பேர் வெச்சார். அதுவும் பூச்சி மருந்துதான்.

ஒரு குட்டி டைவர்ஷன். இந்த ஸ்டாக்ஹாம் பிற்பாடு ஆடியோ பக்கம் போய்ட்டார். 1975ல சவுண்ட்ஸ்ட்ரீம்னு கம்பெனி ஆரம்பிச்சு, டிஜிட்டல் ரெக்கார்டிங்கோட முன்னோடின்னு பேர் வாங்கினார். வாட்டர்கேட் விவகாரத்துல நிக்சனோட டேப்ல காணாமப் போன பதினெட்டரை நிமிஷத்தை ஆராய்ஞ்ச நிபுணர் குழுவிலயும் இருந்தார். பாட்காஸ்ட் பண்றவன்ங்கற முறையில இதைச் சொல்லாம விட மனசு வரலை.

அப்போ சிம்பல் டேபிள் எங்க இருந்துச்சுன்னா, காகித டேப்ல. பிடிபி-1ல அசெம்பிளர் புரோகிராமுக்கு ஒரு டேப் பஞ்ச் பண்ணும், பேர்களுக்கு இன்னொரு டேப் பஞ்ச் பண்ணும். டீபக் பண்ணணும்னா டிடிடிக்கு அந்தப் பேர் டேப்பையும் ஊட்டணும். அந்த டேப்பைத் தொலைச்சா? நான் அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்திருந்த அதே நிலைமைதான்.

டிடிடி பண்ணின ஒரு வேலை இன்னைக்கும் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு அட்ரஸுக்கு நேரடியா பேர் இல்லைன்னா, அதுக்குக் கீழே, மிகப் பக்கத்துல இருக்கற பேரை எடுத்து, ‘அதுல இருந்து இத்தனை தள்ளி’ன்னு காட்டும். இப்போ ஜிடிபியில ‘மெயின் கூட்டல் 24’ன்னு பார்க்கறீங்களே, அது அறுபது வருஷப் பழக்கம். உள்ளே நடக்கறதும் எளிமைதான். எல்லாச் சிம்பலையும் அட்ரஸ் வரிசையில அடுக்கி வெச்சு, பைனரி சர்ச். கேட்ட அட்ரஸைத் தாண்டாத கடைசிச் சிம்பல் எதுவோ, அதுதான் பதில். இதுல ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. நீங்க தப்பான டேபிளைக் கொடுத்தாலும், கீழே ஏதோ ஒரு பேர் இருக்கத்தானே செய்யும்? அது ‘தெரியாது’ன்னு சொல்லாது, பக்கத்துல இருக்கறவனைக் கை காட்டும். எங்க புதுப் பையன் மாட்டினது இப்படித்தான்.

யூனிக்ஸ் காலத்துக்கு வருவோம். ஆரம்ப யூனிக்ஸ்ல சிம்பல் டேபிள்ல ஒரு பேருக்கு எட்டு எழுத்து இடம். ஃபிக்ஸ்ட். சி கம்பைலர் தன் பங்குக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போட்டுடும். மிச்சம் ஏழு. எட்டாவது எழுத்துல மட்டும் வித்தியாசப்படற இரண்டு ஃபங்ஷன் இருந்தா, லிங்கருக்கு இரண்டும் ஒண்ணுதான். மத்த மெஷின் லிங்கர்கள் இன்னும் மோசம். அதனால 1989ல சி மொழிக்கு ஸ்டாண்டர்ட் வந்தப்பகூட, வெளிய தெரியற பேர்கள்ல முதல் ஆறு எழுத்துக்குத்தான் உத்தரவாதம்னு எழுதினாங்க. பழைய சி லைப்ரரியில பேர்கள் எல்லாம் உயிரெழுத்தை முழுங்கின மாதிரி இருக்கே, ஸ்ட்ரிங் காப்பிக்குக்கூட ஆறே எழுத்துன்னு யோசிச்சிருக்கீங்களா? டைப் பண்ணச் சோம்பல்ங்கறது பாதிக் காரணம். அட்டவணையில இடமில்லைங்கறது மீதி. பெர்க்லி யூனிக்ஸ்காரங்க பேர்களைத் தனியா ஒரு நீளமான இடத்துல கொட்டி, டேபிள்ல அதுக்கு ஒரு நம்பர் மட்டும் வெச்சாங்க. எட்டெழுத்துச் சிறை அங்க உடைஞ்சது.

ஆனா பேரும் அட்ரஸும் மட்டும் போதுமா? ஒரு வேரியபிளைப் பிரிண்ட் பண்ணணும்னா அது இன்டா, ஃப்ளோட்டா, ஸ்ட்ரக்ட்டான்னு தெரியணும். எந்த வரி எந்த அட்ரஸ்னு தெரியணும். இதுக்குப் பெர்க்லியில வந்த வழிக்கு ஸ்டாப்ஸ்னு பேர். பாஸ்கல் டீபக்கர் ஒண்ணுக்காகப் பீட்டர் கெஸ்லர் உருவாக்கினதுன்னு ஜிடிபி ஆவணம் சொல்லுது, அதுவும் ‘போல’ன்னு ஒரு தயக்கத்தோட. ஐடியா என்னன்னா, புதுசா எதுவும் கட்ட வேண்டாம். சிம்பல் டேபிள்ல பேர் எழுதற இடத்துலயே, பேருக்குப் பின்னாடி ஒரு கோலன் போட்டு, மிச்சத்தையெல்லாம் சுருக்கெழுத்துல திணிச்சுடு. இன்ட்ங்கறதை அதுல எப்படி எழுதுவாங்க தெரியுமா? ‘டைப் நம்பர் 1. அது என்னன்னா, டைப் நம்பர் 1லயே மைனஸ் 2147483648ல இருந்து 2147483647 வரைக்கும் உள்ள பகுதி.’ தன்னைத் தன்னாலேயே விளக்கற வரையறை! ஃப்ளோட்டுக்கு இன்னும் கூத்து. மேல் எல்லை சைபர்னு போட்டா, கீழ் எல்லையில இருக்கறது எல்லையே இல்லை, எத்தனை பைட்டுன்னு அர்த்தம். டீபக்கர் எழுதறவங்க இதையெல்லாம் தனித்தனியா தெரிஞ்சு வெச்சிருக்கணும். இதைத் திட்டிக்கிட்டே எல்லாரும் பல வருஷம் யூஸ் பண்ணாங்க. ஜிசிசி கம்பைலர் ஸ்டாப்ஸ் எழுதறதை முழுசா நிறுத்தினது 2023ல வந்த பதிமூணாவது வெர்ஷன்லதான்.

1986ல ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபி எழுதறார். புரோகிராம்கள் பெருசாகப் பெருசாக, இவ்வளவு சுருக்கெழுத்தையும் முழுசா படிச்சு மெமரியில வெச்சா டீபக்கர் எழுந்திருக்கவே நேரமாகும். ஜிடிபியில இதுக்கு வந்த தீர்வு எனக்குப் பிடிச்ச சோம்பேறித்தனம். இரண்டு கட்டமா படிக்கும். முதல் கட்டத்துல மேலோட்டமா ஓடி, ‘இந்தப் பேர் இந்தச் சோர்ஸ் ஃபைல்ல இருக்கு’ன்னு மட்டும் குறிச்சுக்கும். பார்ஷியல் சிம்பல் டேபிள்னு பேர். நீங்க உண்மையிலேயே அந்தப் பேரைக் கேட்டாத்தான், அந்த ஒரு ஃபைலோட தகவலை மட்டும் முழுசா விரிச்சுப் படிக்கும். ஒரு பெரிய புரோகிராமை டீபக் பண்ணும்போது நீங்க எத்தனை ஃபைலைத் தொடுவீங்க? ஆயிரத்துல பத்து இருக்குமா? மிச்சத்தை ஏன் படிக்கணும்?

ஆனா ஒரு நெருடல். அந்த மேலோட்டமான ஓட்டமும் மொத்தத் தகவலையும் ஒரு தடவை கடந்துதான் ஆகணும். புத்தகத்துக்குப் பின்னாடி இன்டெக்ஸ் இல்லாததால, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நீங்களே பக்கத்தைப் புரட்டி இன்டெக்ஸ் எழுதிக்கற மாதிரி. கம்பைலரே எழுதிக் கொடுத்துட்டா என்ன?

கொடுத்தாங்க. கதையோட முக்கியமான இடம் இதுதான்.

ஸ்டாப்ஸுக்கு அடுத்து வந்த ஃபார்மட் டுவார்ஃப். பெல் லேப்ஸ்ல பிரையன் ரஸ்ஸல் ஆரம்பிச்சது. யூனிக்ஸ் புரோகிராம் ஃபைலுக்கு எல்ஃப்னு பேர் இருந்ததால, கூடவே இருக்கட்டும்னு டுவார்ஃப். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் பார்த்தவங்களுக்கு ஜோக் புரியும். இதுல எல்லாமே மரம் மாதிரி. ஒரு சோர்ஸ் ஃபைல், அதுக்குள்ள ஃபங்ஷன், அதுக்குள்ள வேரியபிள், ஒவ்வொண்ணுக்கும் பேர், டைப், இடம். ஸ்டாப்ஸ் மாதிரி தந்திரம் எதுவும் இல்லை. முதல் வெர்ஷன் இடத்தைத் தின்னுச்சு, 1993ல வந்த இரண்டாவது வெர்ஷன் அதைச் சுருக்குச்சு. அந்த வரைவு வெளிவந்த கொஞ்ச நாள்ல கமிட்டியே கலைஞ்சுடுச்சு. கமிட்டி இருந்தது யூனிக்ஸ் இன்டர்நேஷனல்ங்கற அமைப்புக்குக் கீழே. மோட்டரோலாவோட 88000 பிராசசர் படுத்ததும், அதை நம்பி இருந்த ஆதரவு போய், அமைப்பும் மூடப்பட்டது. பெத்தவங்க இல்லாத குழந்தை மாதிரி டுவார்ஃப் பல வருஷம் தானா வளர்ந்தது. மைக்கேல் ஈகர் 1999ல திரும்பக் கமிட்டியைக் கூட்டினார். மூணாவது வெர்ஷன் முடிய 2005 கடைசி ஆச்சு.

1993 ஆவணத்துல ‘பப்நேம்ஸ்’னு ஒரு பகுதி உண்டு. குளோபல் பேர்களோட இன்டெக்ஸ். கம்பைலரும் அதை எழுதிக் கொடுத்தது. ஜிடிபி அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கணும் இல்லையா? பயன்படுத்தலை. காரணம், அது குளோபல் பேர்களை மட்டும்தான் சொல்லுது. ஸ்டாட்டிக்னு போட்டு ஒரு ஃபைலுக்குள்ளேயே வெச்ச ஃபங்ஷன் அதுல வராது.

இதுல என்ன பெரிய குறைன்னு தோணும். வீடு, மனை வாங்கினவங்க வீட்ல இருந்தா ‘ஈசி போட்டியா?’ன்னு கேட்டிருப்பாங்க. வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் ஆபீஸ்ல அதை எதுக்கு வாங்கறோம்? ‘இந்த நிலத்து மேல கடன் இல்லை’ங்கற ஒரு ‘இல்லை’க்காக. அவங்க பதிவேட்டுல பாதிப் பத்திரம் ஏறவே இல்லைன்னு வைங்க. அப்போ அந்த ‘இல்லை’ன்னு வர்ற காகிதத்துக்கு என்ன மதிப்பு? நீங்களே ஒவ்வொரு பத்திரமா புரட்டணும். பப்நேம்ஸ் அந்த மாதிரி பதிவேடு. ‘இருக்கு’ன்னு சொன்னா நம்பலாம். ‘இல்லை’ன்னு சொன்னா, ஸ்டாட்டிக்கா எங்கேயோ இருக்கலாம், எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துடணும். எப்படியும் எல்லாத்தையும் படிக்கணும்னா இன்டெக்ஸ் எதுக்கு? அதை ஒதுக்கிட்டு ஜிடிபி தன் பழைய வழியிலேயே போச்சு.

அதுக்குள்ள சி++ பேர்களைப் பல மடங்கு பெருக்கிடுச்சு. ஒரு டெம்ப்ளேட்டை பத்து டைப்போட கூப்பிட்டா பத்து ஃபங்ஷன், ஒவ்வொண்ணுக்கும் கிலோமீட்டர் நீளப் பேர். 2010ல, ரெட் ஹாட்ல இருந்த டாம் ட்ரோமி, ஜிடிபிக்குன்னே தனியா ஒரு இன்டெக்ஸ் செஞ்சார். ஸ்டாட்டிக் உட்பட எல்லாப் பேரும் உள்ளே. ஃபைல்ல இருக்கறபடியே மெமரியில மேப் பண்ணித் தேடலாம், முன்கூட்டிப் படிக்க வேண்டாம். ஆப்பிள் பக்கமும் இதே மாதிரி ஒரு டேபிள் கட்டினாங்க.

எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஹாஷ் டேபிள். காலேஜ்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல படிச்ச அதேதான். ஆப்பிள் எடுத்தது டேனியல் பெர்ன்ஸ்டீனோட ஹாஷ். 5381ல ஆரம்பி. ஒவ்வொரு எழுத்துக்கும், கையில இருக்கற நம்பரை 33ஆல பெருக்கி, அந்த எழுத்தோட ஆஸ்கி நம்பரைக் கூட்டு. 32 பிட்டைத் தாண்டினதைத் தூக்கிப் போடு. ‘மெயின்’ங்கற நாலெழுத்து ஆங்கிலப் பேருக்குப் போட்டுப் பாருங்க, 2090499946 வரும். இதை மொத்தப் பக்கெட் எண்ணிக்கையால வகுத்து மீதி எடுத்தா, எந்தப் பக்கெட்னு தெரியும். அந்தப் பக்கெட்ல பேர்கள் இல்லை, ஹாஷ் நம்பர்கள் மட்டும் வரிசையா அடுக்கியிருக்கும். நம்பர் பொருந்தினாத்தான் போய் நிஜப் பேரை ஒப்பிடும். கிலோமீட்டர் நீளப் பேர்களை ஒப்பிடற வேலை பெரும்பாலும் ஒரு தடவைதான் வரும். எதுவும் பொருந்தலையா? ‘இல்லை’. வேற எங்கேயும் தேட வேண்டாம்.

இந்த அமைப்பை எடுத்து, 2017 பிப்ரவரியில் வந்த டுவார்ஃப் ஐந்தாவது வெர்ஷன் ஸ்டாண்டர்ட் ஆக்குச்சு. ‘டீபக் நேம்ஸ்’னு பேர். அதுல ஒரு நிபந்தனை எழுதியிருக்காங்க. பேருள்ள ஒவ்வொரு ஃபங்ஷன், வேரியபிள், டைப், நேம்ஸ்பேஸோட வரையறைக்கும் இன்டெக்ஸ்ல பதிவு இருந்தே ஆகணும். நான் அந்த ஸ்டாண்டர்டைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்த வாக்கியம் அதுதான். 1993ல இருந்து 24 வருஷம்.

இன்னொரு திருப்பமும் உண்டு. ட்ரோமியே பிற்பாடு, 2022ல, அந்த மேலோட்டமான ஓட்டத்தைப் பல திரெட்ல பிரிச்சு ஓடற மாதிரி முழுசா திரும்ப எழுதினார். ஜிடிபி 13ல வந்தது. கம்பைலர் இன்டெக்ஸ் தராட்டிகூட, இப்போ டீபக்கர் தானே சட்டுன்னு கட்டிக்கும். என் லேப்டாப்ல வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சது.

சரி, அந்த ராத்திரி. ஒரே கோடுதானே, திரும்ப பில்ட் பண்ணினா ஏன் தப்பான பேர் வந்துச்சு? நடுவுல பில்ட் சர்வர்ல கம்பைலரை அப்டேட் பண்ணியிருந்தாங்க. கோட் அதேதான், ஆனா ஃபங்ஷன்கள் உட்கார்ந்த அட்ரஸ் நகர்ந்துடுச்சு. பைனரி சர்ச் தன் வேலையை ஒழுங்கா பண்ணி, கீழே பக்கத்துல இருந்தவனைக் கை காட்டிடுச்சு. இதைத் தடுக்கத்தான் 2007 வாக்குல ஃபெடோரா பக்கம் ரோலண்ட் மெக்ராத் பில்ட்-ஐடியைக் கொண்டு வந்தார். லிங்க் பண்ணும்போதே ஒரு அடையாள நம்பர், வழக்கமா 40 ஹெக்ஸ் இலக்கம், புரோகிராம்லயும் டீபக் ஃபைல்லயும் பதியும். இரண்டும் பொருந்தினா ஜோடி சரி. விண்டோஸ்ல பிடிபி ஃபைலுக்கு இதே மாதிரி ஜோடி பார்க்கற வழக்கம் முன்னாடியே இருந்துச்சு. ஆனா நான் கமாண்ட் கொடுத்துக் கையாலேயே சிம்பல் ஃபைலை லோட் பண்ணினேன். அப்போ ஜிடிபி அந்த நம்பரைச் சரி பார்க்காது. நீ கொடுத்தா வாங்கிக்கறேன்னு வாங்கிக்கும்.

இரண்டாவது நாள் மத்தியானம்தான் எனக்கு நம்பரை ஒப்பிடத் தோணுச்சு. பொருந்தலை. டெஸ்டிங்ல இருந்த ஒரு அக்கா, ஸ்ட்ரிப் பண்ணாத அந்தப் பழைய பில்டைத் தன் மெஷின்ல அழிக்காம வெச்சிருந்தாங்க. அதை எடுத்துப் போட்டதும் பில்ட்-ஐடி நாற்பது இலக்கமும் பொருந்துச்சு. ஒரு செகண்ட்ல பதினாலு பேரும் வந்துடுச்சு. கடைசியில நின்னது ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன், மூணு வருஷம் முன்னாடி எழுதினது. எழுதினது நான்.

அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். ‘பரவால்லண்ணா’ன்னான். இப்போ எங்க பில்ட்ல டீபக் ஃபைலைப் பேரை வெச்சு சேமிக்கறது இல்லை, பில்ட்-ஐடியை வெச்சு சேமிக்கறோம். எது மேலயும் எது எழுதாது. 2019ல வந்த டீபக்இன்ஃபோடின்னு ஒரு சர்வர் இருக்கு, ஐடியைக் கொடுத்தா நெட்வொர்க் வழியா ஜிடிபிக்கே ஃபைலை அனுப்பிடும், அதையும் வெச்சுட்டோம்.

லினக்ஸ் வெச்சிருக்கறவங்க, உங்க டீம் கடைசியா ரிலீஸ் பண்ணின புரோகிராம் மேல ‘ஃபைல்’ கமாண்ட் ஓட்டிப் பாருங்க. வர்ற வரியில பில்ட்-ஐடி இருக்கும், ஸ்ட்ரிப் பண்ணினதா இல்லையான்னும் இருக்கும். ஸ்ட்ரிப்னு வந்தா, அந்த ஐடிக்கு ஜோடி எங்க இருக்குன்னு டீம்ல ஒருத்தர்கிட்ட கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.